சேர்மன் செருப்பைக் கழட்டின வாரம்

மைதானத்துக்கு நட்ட நடுவுல ஒத்தச் செருப்போட நின்னுக்கிட்டு இருந்தேன். இன்னொரு செருப்பைச் சேறு முழுங்கிடுச்சு. முட்டி வரைக்கும் சாம்பல் கூழ். ஒரு கையில புடவைக் கொசுவம், இன்னொரு கையில போன்.

போன்ல எங்க ஊரு அம்மா ஒருத்தங்க. "சேர்மன், குழாயைத் தொறந்தா காத்துதான் வருது. எப்ப வந்து பாப்பே?"

"வரேம்மா. இப்போ கொஞ்சம் மாட்டிக்கினு கீறேன்."

"இன்னா, மீட்டிங்கா?"

"இல்லம்மா, சேறு."

அந்தம்மா "சரி, குளிச்சிட்டே வா"ன்னு வச்சிட்டாங்க.

கரையில நின்ன எங்க ஊர்ப் பொண்ணுங்க, ஃபுட்பால் டீம் மொத்தமும், வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்குதுங்க. சிரிக்காதது ஒரே ஒரு ஆளு, எங்க வைஸ் சேர்மன் சவரிமுத்து மாமா. ஏன்னா அந்தச் சாம்பலைக் கொட்டச் சொன்னதே அவருதான்.

போன வாரம் இந்தத் தொடர்ல தண்ணி லாரி சண்டையை எழுதியிருந்தேன் இல்ல, அதைப் படிச்சிட்டு ராயபுரத்துல இருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணுச்சு. "இன்னாக்கா, பதவின்னா எப்பப் பாரு பேஜாருதானா? ஷோக்கா ஒண்ணுமே நடக்கலியா?"

நடந்துச்சு கண்ணு. இந்த வாரம் எழுதப் போறது அதுதான்.

கோட்டு இல்லாத மேயரு

எங்க ஊரு எண்ணூரைத் தாண்டி வள்ளூருக்குப் போற வழியில இருக்கு. பேரைப் போட்டா, "எங்களைப் பத்தி ஏன் எழுதினே"ன்னு பாதிப் பேரு சண்டைக்கு வருவாங்க, "எங்களை ஏன் வுட்டே"ன்னு மீதிப் பேரு வருவாங்க. அதனால சும்மா எங்க ஊருன்னே வச்சிக்கலாம்.

அது ஒரு பேரூராட்சி. அரசாங்கக் காகிதத்துல நான் பேரூராட்சித் தலைவர். ஜனங்க வாயில சேர்மன். டீக்கடைப் பசங்க வாயில மேயரு. "டேய், மேயரு வருது, தம்மைக் கீழ போடு"ன்னு குரல் கேக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லுவானேன்.

ஆனா மேயர்னா சிவப்புக் கோட்டு, கழுத்துல சங்கிலி எல்லாம் இருக்கும்ல? எனக்கு இருக்கிறது ஒரு பழைய ஸ்கூட்டி. அதுவும் ஸ்டாண்டு எடுக்க ஒரு ஆளு வேணும். திங்கள் கூட்டம், செவ்வாய் குப்பை, புதன் குழாய், வியாழன் தெரு விளக்கு, வெள்ளி தெரு நாய். சனி, ஞாயிறு வந்தா கல்யாணம், காதுகுத்து, துக்கம். இதுதான் மேயரோட வாரம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்க பாஷையைச் சினிமாவுல கிண்டல் பண்ணிப் பண்ணி, உங்களுக்கும் அதைக் கேட்டா சிரிப்பு வரும். இங்க எழுதும்போது நான் கொஞ்சம் துவைச்சுத்தான் எழுதுறேன். ஆனா எங்க ஆளுங்க பேசறதை அப்படியேதான் போடுவேன். அதுல கை வைக்க எனக்கு மனசு வராது.

சவரிமுத்து மாமாவைப் பத்திச் சொல்லணும். துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. ராயபுரத்துல பொறந்து, வாக்கப்பட்ட மாதிரி எங்க ஊருக்கு வந்தவரு. எங்க பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் கத்துக் கொடுக்கிறது அவருதான். கழுத்துல எப்பவும் ஒரு விசில் தொங்கும். ஞாயித்துக்கிழமை பூசைக்கும் அதோடதான் போவாரு. ஒரு தடவை சாமியார் பிரசங்கம் நீண்டுகிட்டே போனப்ப மாமா கை விசில் பக்கம் போயிடுச்சுன்னு ஊருல ஒரு பேச்சு உண்டு. அவரு இல்லைன்னு சொல்லவே இல்ல.

அண்ணாச்சி கேட்ட இடம்

கதை அந்த வாரம் திங்கக்கிழமை மன்றக் கூட்டத்துல ஆரம்பிச்சுது.

எங்க மைதானம் வீடுங்களுக்கு நடுவுல இருக்கு. நிமிர்ந்தா அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே போட்டுப் போட்டு, சுத்தியிருக்கிற ரோடெல்லாம் ஒசந்துடுச்சு. மைதானம் தாம்பாளம் மாதிரி உள்ள போயிடுச்சு. மழை வந்தா ஏரியாத் தண்ணி மொத்தமும் அங்கதான் அடைக்கலம். அந்த வருஷ மழைக்கு வடக்குப் பக்கக் கோல் போஸ்ட் வரைக்கும் குளம். எருமைங்கதான் கோல் கீப்பர்.

எங்க மன்றத்துல எதிர்த்தரப்பு உறுப்பினர் செல்வராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து இளவட்டமா வந்து மளிகை மண்டி வச்சவரு. அப்புறம் துறைமுகத்துக்கு ஓடுற டிரெய்லர் லாரிங்க வாங்கினாரு. கஞ்சி போட்ட வேட்டி, நெத்தியில விபூதி, கையில குடை. வெயிலுக்கும் குடை, மழைக்கும் குடை. என்கிட்ட சண்டை போடாத கூட்டமே கிடையாது. கூட்டம் முடிஞ்சதும் மண்டியில இருந்து கருப்பட்டி அனுப்புவாரு. அப்படி ஒரு மனுஷன்.

அன்னைக்கு எழுந்தாரு. "தலைவியம்மா, நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க. அந்த மைதானத்துல எந்நேரமும் தண்ணி கெடக்கு. எவன் வெளையாடுதான் அங்ஙன? மண்ண அடிச்சு மேடாக்கி லாரி நிப்பாட்டுத எடமா மாத்திருவோம். ரோட்டுல நிப்பாட்டப் போய்த்தான விபத்தா நடக்கு?"

அவரு சொன்னது தப்புன்னு என்னால சொல்ல முடியல. எங்க ரோட்டுல ரெண்டு பக்கமும் கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கும். பைக்ல போறவன் உசுரைக் கையில பிடிச்சிக்கிட்டுத்தான் போகணும். உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல தலையாட்டிட்டாங்க.

சவரிமுத்து மாமா குதிச்சு எழுந்தாரு. "அதெல்லாம் ஒண்ணும் நடக்காது! வர ஞாயித்துக்கெழம ராயபுரம் டீமு எங்க பொண்ணுங்களோட ஆட வருது. இந்த கிரவுண்டுலதான் மேட்சு!"

அண்ணாச்சி சிரிச்சாரு. "படகுலயா?"

மன்றமே சிரிச்சுது. அப்புறம் அவரே ஒரு வழி சொன்னாரு. "சரி. ஞாயித்துக்கெழம அங்ஙன மேட்ச் நடந்துட்டுன்னா, அடுத்த திங்கக்கெழம பேசி, ஓட்டுக்கு விடுவோம். நடக்கலன்னா பேச்சே கெடையாது. மைதானம் லாரிக்கு."

ரோஷத்துல நானும் சரின்னுட்டேன்.

வெளியில வந்தா வாசல்ல டீம் நிக்குது. கேப்டன் ஜெனி முன்னால வந்தா. மீனவர் வீட்டுப் பொண்ணு, கண்ணுல பயமே இல்லாதவ. அன்னைக்குக் குரல் உடைஞ்சுது. "அக்கா, பசங்களுக்கு பீச்சு கீது, எங்க வேணா போயி ஆடுவானுங்க. எங்கம்மா என்னை அங்கெல்லாம் வுடாது. இங்கன்னா மாடியில துணி காயப்போட்டுக்கினே பாத்துக்கும். அதான் வுடுது. எல்லார் வூட்லயும் அப்டித்தான். இது பூட்ச்சின்னா எங்க டீமே பூட்ச்சிக்கா."

"போவாது. நான் கீறேன்ல"ன்னேன். சொல்லிட்டு, ஸ்கூட்டி ஸ்டாண்டை எடுக்க அவளையே கூப்பிட்டேன்.

மாமாவோட வைத்தியம்

செவ்வாய்க்கிழமை பேரூராட்சி மோட்டாரைக் கொண்டு வந்தோம். அது ரெண்டு தடவை இருமிட்டுப் படுத்துடுச்சு. ஜெனியோட அப்பா படகு வேலைக்கு வச்சிருந்த டீசல் பம்பைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. எருமைங்க கோவிச்சிக்கிட்டுப் போயிடுச்சுங்க.

தண்ணி போனா தரை வரும்னு நினைச்சோம். வந்தது களிமண் சேறு. மாமா உதைச்ச பந்து பொதக்குன்னு போய் அப்படியே உக்காந்துடுச்சு.

அப்போதான் மாமா சொன்னாரு. "சாம்பல் கொட்டுவோம்மா. ஈரத்தை அப்டியே இஸ்துக்கும்."

நீங்க சிரிப்பீங்க. ஆனா புகைபோக்கி நிழல்ல இருக்கிற ஊருல சாம்பல்தான் சர்வரோக நிவாரணி. காயப்போட்ட துணியில சாம்பல், மொட்டை மாடியில சாம்பல், வடாம் பிழிஞ்சா அதுலயும் சாம்பல். பள்ளம் இருந்தா சாம்பல், செங்கல் அறுக்க சாம்பல். எதுக்கும் அதைத்தான் அள்ளிப் போட்டுப் பழக்கம். மாமா சொன்னதும் நான் சரின்னேன். செயல் அலுவலரும் சரின்னாரு. ஒருத்தருக்குக் கூட சந்தேகம் வரல. மாமாவோட தோஸ்து ஒருத்தரு செங்கல் சூளைக்கு வாங்கி வச்சிருந்த சாம்பலை லாரியில கொண்டு வந்து கொட்டிட்டாரு.

வியாழக்கிழமை காலையில போய்ப் பார்த்தா மேல வெள்ளையா, வழுவழுன்னு, காஞ்ச தரை மாதிரி இருந்துச்சு. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல. பொண்ணுங்களைக் கூப்பிட்டு, "பாருங்கடி, மேயரு சொன்னா சொன்னதுதான்"னு பெருமையா நடந்து போனேன். நடு மைதானம் வரைக்கும் தாங்குச்சு. அப்புறம் தாங்கல. மேல ஒரு ஆடை, உள்ள கூழ்.

அந்த இடத்துலதான் செருப்பு போச்சு, போன் வந்துச்சு.

மாமா கரையில தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. "தப்பா பூட்ச்சிமா. இருந்ததையும் நான் கலீஜு பண்ட்டேன். அந்தப் பொண்ணுங்க மூஞ்ச எப்டிப் பாப்பேன்?"

"நானும்தான மாமா தலையாட்டினேன். அழுவாத, எல்லாரும் பாக்குறாங்க"ன்னேன். எனக்கும் அழுகைதான் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

கால் மறக்கல

மிச்சம் இருந்த ஒத்தச் செருப்பையும் கழட்டிக் கரைக்கு வீசினேன். ரெண்டு வெறுங்காலையும் அழுத்தி ஊணினதும் சாம்பலுக்குக் கீழ களிமண் உள்ளங்காலைத் தொட்டுச்சு. சில்லுன்னு, வழவழன்னு, நடுவுல கொஞ்சம் நறநறன்னு.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. இது எனக்குத் தெரிஞ்ச மண்ணு. நான் யோசிக்கிறதுக்கு முன்னாடியே என் கால் ரெண்டும் அதுவா ஆட ஆரம்பிச்சுடுச்சு. சின்னச் சின்ன அடி, முழுப் பாதம், அழுத்தி ஒரு திருப்பு. மறுபடியும் சின்ன அடி.

எங்க அம்மா அப்பா அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்துல வேலை செஞ்சவங்க. பள்ளிக்கூடம் லீவு விட்டா நானும் போவேன். மழை முடிஞ்சா உப்புப் பாத்தியெல்லாம் இந்த மாதிரிதான் கூழா கிடக்கும். அதைத் தரையாக்கினாத்தான் உப்புத் தண்ணி கட்ட முடியும். அதுக்கு மெஷின் கிடையாது. ஆளுங்க வரிசையா, தோளுக்குத் தோள் நின்னு, எல்லாரும் சேர்ந்து ஒரு நீளக் கழியைப் பிடிச்சிக்கிட்டு, ஒரே அடியா மிதிக்கணும். நேரா ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை. ஈரம் பிதுங்கி ஓரமா ஓடிடும். பாத்தி மிதிக்கிறதுன்னு பேரு.

தனியா ஒருத்தர் போய் மிதிச்சா அங்க ஒரு குழி விழும், அவ்ளோதான். வரிசையா மிதிச்சாத்தான் தரை.

அந்த வேலைக்கு நான் ஒண்ணும் ஏங்கல. எங்கம்மா குதிகால் வெடிப்புல உப்பு ஏறி, பொழுது சாஞ்சா எரியுதுன்னு துடிக்கும். அதுல இருந்து தப்பிச்சு வந்ததுதான் நிம்மதி. ஆனா கால் கத்துக்கிட்டதைக் கால் விடாது போல. மோட்டாரு, லாரி, சாம்பல்னு ஊரெல்லாம் தேடிட்டு, என் உடம்புலயே இருந்ததை நான் யோசிக்கவே இல்ல.

சேத்துல தனியா நின்னு சிரிச்சிட்டேன். கரையில இருந்து மாமா பயந்துட்டாரு. "இன்னாமா, மெர்சலாயிட்டியா?"

"மாமா, படகுல இருந்து நீளமான மூங்கில் கழிங்க எடுத்துக்கினு வரச் சொல்லு. ஊருல கால் இருக்கிறவங்க எல்லாரையும் கூப்பிடு!"

கழியைப் பிடி

வெள்ளிக்கிழமை முழுக்கச் சாம்பல் கூழை வழிக்கிறதுலயே போச்சு. தூய்மைப் பணியாளர் அக்காங்க பலகையோட வந்தாங்க, மீனவருங்க கூடையோட வந்தாங்க, பொண்ணுங்களோட அம்மாங்க மாடியில இருந்து இறங்கி வந்தாங்க. எங்க வீட்டுக்காரர் கூட லீவு போட்டுட்டு வந்தாரு. என் செருப்பு ஜெனி கையில கிடைச்சுது. அதைக் கோப்பை மாதிரி தலைக்கு மேல தூக்கிக்கிட்டு மைதானத்தைச் சுத்தி ஓடினா பாருங்க, கழுதை!

சனிக்கிழமை காலையில மண்ணு மேல லேசா மணல் தூவி, மிதிக்க ஆரம்பிச்சோம்.

மொத வரிசை ஒரே கூத்து. மீனவருங்க கழியைப் பிடிச்சா வலை இழுக்கிற மாதிரி இழுக்கிறாங்க. அம்மாங்க கோயில் பிராகாரம் சுத்துற மாதிரி நடக்கிறாங்க. பொண்ணுங்க குதிக்குதுங்க. மாமா எதுக்கு ஊதுறோம்னு தெரியாமலே விசில் ஊதுறாரு. ஒருத்தர் வழுக்கினா கழியோட சேர்த்து மொத்த வரிசையும் விழுது. விழுந்தவங்க எழுந்திருக்க முடியாம சிரிக்கிறாங்க. தரை மட்டும் தரையா ஆகல, மேடும் பள்ளமுமா கிடக்கு.

அப்போ கரையில ஒரு குடை. அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, தோல் செருப்பு. மேட்ச் நடக்காதுன்னு கண்ணால பாத்துட்டுப் போக வந்திருக்காரு. நல்லாப் பாத்துக்கட்டும்னு நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல குடை ஆட ஆரம்பிச்சுது.

"ஏ பிள்ள! குதிகால ஊணாத, முழுப் பாதத்தையும் வையி!"

யாரைச் சொல்றாருன்னு எல்லாரும் திரும்பிப் பாத்தோம்.

"வரிசை கோணுது, கேட்டியளா? இடது பக்கம் ஆளு முந்துதான் பாரு! கழிய இழுக்காதல, அது என்ன மீனா?"

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தாரு. முகம் செவந்துடுச்சு. "ஐயோ, மூலைய விட்டுட்டுப் போறியளே! மூலைய விட்டா பாத்தி பூராவும் போச்சு!"

நான் நின்னுட்டேன். பாத்தின்னுட்டாரே!

"அண்ணாச்சி, உங்களுக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"எப்படித் தெரியுமாவா? எங்க ஊரு உப்பளத்துல மிதிச்ச காலு தாயி இது! மீசை மொளைக்குததுக்கு முன்னால மிதிச்சது!"

"நான் அத்திப்பட்டு உப்பளம் அண்ணாச்சி."

குடையைத் தாழ்த்தி என் காலைப் பாத்தாரு. அப்புறம் என் முகத்தைப் பாத்தாரு. "அடப் பாவி மவளே! இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலியே!"

"நீங்களும்தான் சொல்லல. நமக்குச் சண்டை போடவே நேரம் சரியாப் போச்சே."

அவரு குடையை மடக்கி ஜெனி அம்மா கையில கொடுத்தாரு. தோல் செருப்பைக் கழட்டி ஓரமா வச்சாரு. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நேரா வடக்கு மூலைக்குப் போய்க் கழியோட நுனியைப் பிடிச்சாரு. அங்க இருந்து குரல் கொடுத்தாரு பாருங்க, கூட்டத்துல என்னைத் திட்டுற அதே குரல்! "எல்லாரும் என் காலப் பாரு! வலது... வையி! இடது... வையி! அழுத்து!"

மாமா மெதுவா என் பக்கம் வந்து காதுல சொன்னாரு. "இன்னாமா இது? அவரு கேட்ட எடத்தை அவரே நமக்கு ரெடி பண்ணிக் குடுத்துக்கினு கீறாரு. தெரிஞ்சி பண்றாரா, தெரியாம பண்றாரா?"

"கம்முனு இரு மாமா. கழியைப் பிடி."

நடுவுல அவரு லாரி டிரைவர் போன் பண்ணினான். "இருல, மூலையில நிக்கேன்"னு வச்சிட்டாரு. அவன் என்ன நினைச்சானோ!

மொதல்ல சளக் சளக்குன்னு கேட்ட சத்தம், உச்சி வெயில் வரும்போது தப் தப்புன்னு மாறிடுச்சு. கால் உள்ள போகல. கழி ஆடல. என் கட்சி, அவரு கட்சி, படகுக்காரங்க, பணியாளருங்க, அம்மாங்க, பொண்ணுங்க எல்லாரும் ஒரே நேரத்துல கால் தூக்கி ஒரே நேரத்துல வைக்கிறோம். தேர்தல்ல ஜெயிச்ச அன்னைக்குக் கூட நான் அவ்ளோ சந்தோஷமா இல்ல. அன்னைக்கு மாலை போட்டாங்க, கழுத்து அரிச்சுது. இன்னைக்கு உடம்பு பூரா சேறு, அரிக்கவே இல்ல.

எம் மூலை

ஞாயித்துக்கிழமை வெயில் எங்க பக்கம். மத்தியானத்துக்குள்ள தரை வெளுத்துக் காஞ்சுது. சுண்ணாம்பு போதல, அம்மாங்க கோலமாவை எடுத்து வந்து கோடு போட்டாங்க. பெனால்ட்டி ஏரியா மூலையில யாரோ பழக்க தோஷத்துல ஒரு பூ போட்டுட்டாங்க. மாமா அழிக்கச் சொல்லல.

பூசை, சாப்பாடு எல்லாம் முடிஞ்சு ராயபுரம் டீம் மேளத்தோட வந்து இறங்குச்சு. மாடியெல்லாம் தலைங்க. அண்ணாச்சி வடக்கு மூலைப் பக்கமா நாற்காலி போட்டு, குடை பிடிச்சு உக்காந்துட்டாரு. வேற எங்கயும் உக்கார மாட்டேன்னுட்டாரு.

ராயபுரத்துப் பொண்ணுங்க நல்லா ஆடுதுங்க. ரெண்டு கோல் போட்டுடுச்சுங்க. எங்க பக்கம் எல்லாரும் வாடிப் போன நேரத்துல ஒரு கார்னர் கிடைச்சுது. வடக்கு மூலை. ஜெனி பந்தை வச்சிட்டு, காலால தரையைத் தட்டிப் பாத்தா.

அண்ணாச்சி நாற்காலி மேலயே ஏறிட்டாரு. "எம் மூலை! அது எம் மூலை! வழுக்காது பிள்ள, தைரியமா அடி!"

வழுக்கல. பந்து வளைஞ்சு வந்துச்சு, எங்க பொண்ணு ஒருத்தி தலையைக் கொடுத்தா, கோல். அண்ணாச்சி குடை ஒரு பக்கம் பறந்துச்சு, அவரு மாமாவைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாரு.

மேட்ச் தோத்துட்டோம். ஆனா ஆட்டம் முடிஞ்சதும் எங்க ஊரு போட்ட குத்தாட்டத்தைப் பாத்துட்டு ராயபுரம் கேப்டன் வந்து கேட்டுச்சு. "நீங்கதான தோத்தீங்க?"

ஜெனி மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னா. "இருக்கட்டும். மேட்சு நடந்துச்சில்ல!"

மறுபடியும் கூட்டம்

மறுநாள் திங்கக்கிழமை. சந்தோஷமெல்லாம் வாசல்லயே நின்னுடுச்சு. மைதானத் தீர்மானம் ஓட்டுக்கு வரப் போகுது. உறுப்பினருங்க முகத்தை ஒண்ணொண்ணாப் பாத்தேன். எப்படிக் கணக்குப் போட்டாலும் அண்ணாச்சி பக்கம்தான் கை ஜாஸ்தி. ஜன்னலுக்கு வெளியில டீம் நிக்குது. ஜெனி ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு என்னையே பாக்குறா. என்ன பேசணும்னு ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சிருந்தேன்.

செயல் அலுவலர் தீர்மானத்தைப் படிச்சாரு. அண்ணாச்சி எழுந்தாரு. எழும்போதே ஒரு "ஸ்ஸ்" வந்துச்சு. கீழ பாத்தா வெறுங்கால். குதிகால் வெடிச்சு, மஞ்சளும் எண்ணெயும் போட்டிருக்கு.

"தலைவியம்மா, லாரிக்கு எடம் வேணும். அதுல மாத்தமில்ல. மூடிக் கெடக்க ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால காலி எடம் ஒண்ணு கெடக்கு. வாங்க, எல்லாருமா சேந்து போயி அதப் பாப்போம்."

சொல்லிட்டு உக்காந்துட்டாரு. எனக்குப் புரிஞ்சும் புரியாம இருந்துச்சு.

"அப்போ மைதானம் அண்ணாச்சி?"

என்னை ஒரு பார்வை பாத்தாரு. உப்பளத்துல பொறந்தவ கேக்கிற கேள்வியா இதுங்கிற மாதிரி.

"நல்லாக் கேட்டிய போங்க. நம்ம மிதிச்ச பாத்தியில லாரிய ஏத்த விடுவனா நானு?"

மன்றக் கூட்டத்துல விசில் ஊதக் கூடாது. மாமா ஊதிட்டாரு. ஜன்னல்ல இருந்து வந்த கூச்சல்ல அது யாருக்கும் கேக்கல.